சனிக்கிழமை லீவுக்கு ஒரு கையெழுத்து

நான் காகிதத்தை நீட்டியபோது அந்த அம்மாவின் விரல்களில் சிமெண்ட் காய்ந்திருந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் பெயர் எழுதினார். "சனிக்கிழமை லீவுக்கு, இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றுதான் சொன்னேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளி வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அந்தந்த மாவட்டமே முடிவு செய்யச் சட்டம் கொண்டுவரலாம் என்று இப்போது பேசுகிறார்கள். 'பெற்றோர் சம்மதத்துடன்' என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். என்ன ஒரு யோக்கியமான வார்த்தை! அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்று எனக்குத் தெரியும். நானே வாங்கியிருக்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் போகிற வழியில் அரசு நிதியுதவி பெறும் ஒரு பள்ளி. நான் அப்போது அங்கே எட்டாம் வகுப்பு ஆசிரியை. விழுப்புரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவள். இனிச் சனிக்கிழமை பள்ளி வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னது. எனக்கு ஒரு நாள் பஸ் மிச்சம். ஓடி ஓடி வாங்கினேன். அந்த அம்மா பாண்டிக்குக் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்; கணவர் உயிரோடு இல்லை. சின்ன மகளின் காதுகுத்துக்காக, என் வகுப்பில் படித்த மூத்தவளுக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும் லீவு கேட்டிருந்தார். லீவு லெட்டர் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். அதற்கு மறுவாரமும் சனிக்கிழமை பள்ளி பூட்டியிருக்க, திங்களன்று வந்து நின்றார்.

"நான் அந்த ஒரு நாளைக்குத்தானே டீச்சர் கேட்டேன்? எல்லாச் சனிக்கெழமையும் நீங்க மூடிக்கினா, வயசுக்கு வந்த புள்ளய யார்கிட்ட வுட்டுட்டு நான் வேலைக்குப் போறது? அந்தக் கையெழுத்த அடிச்சிடுங்க."

"எல்லாரும் போட்டுட்டாங்கம்மா" என்றேன். எல்லாரும் எப்படிப் போட்டார்கள் என்று எனக்குத்தானே தெரியும்.

வீட்டில் தனியாக விடப் பயந்து, சனிக்கிழமைகளில் மகளை வேலைக்கே கூட்டிப்போனார். முதலில் நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாளாம். பிறகு ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்தாளாம். பிறகு மணல் சட்டி தலைக்கு ஏறியது. வெள்ளிக்கிழமையும் வராமல் போனாள். அடுத்த வருடம் பள்ளிக்கே வரவில்லை. பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதினோம், என்னவோ அவளாகவே நின்றுகொண்டதுபோல.

இப்போது அதே பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, புது வகுப்பறைக்குக் கான்கிரீட் போடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். தலையில் ஜல்லியோடு போய்க்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் நின்றாள். அந்த மூத்தவளேதான். சுமையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் துளிகூடக் குத்தல் இல்லை.

"இன்னிக்கி சனிக்கெழமை ஆச்சே டீச்சர், உங்களுக்கு லீவுதானே? நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள்.