எத்திராஜ் மேஸ்திரி முட்டுக் கொடுத்த உத்தரம்

சுங்குவார்சத்திரத்தில் என் பழைய மரக்கடை வாசலில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது வடக்குப்பட்டிலிருந்து போன் வந்தது. அங்கே எத்திராஜ் மேஸ்திரி காலையில் இறந்துபோய்விட்டார். அதே நேரம் லாரிக்காரர் ஒரு ஜன்னல் சட்டத்தைக் கீழே போட்டார். வழக்கமாகத் திட்டுவேன். அன்று நானே குனிந்து எடுத்து வைத்தேன்.

பழைய கட்டடங்களை இடித்து மரம் எடுத்து விற்பது என் தொழில். கட்டடம் பிரிப்பதில் அவரைப் போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. சுத்தியல் காம்பால் உத்தரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்ட பிறகுதான் ஆளை மேலே ஏற்றுவார். "கட்னவன் கடைசியா வச்சத நாம மொதல்ல எடுக்கணும்" என்பார்.

சென்னையில் ஒரு துணி மில் முதலாளிக்காகக் கட்டிய மாளிகையைப் பேரன்மார் விற்றபோது, இடிக்கும் வேலையை நான் பிடித்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய நேரம். இங்கே லாட்ஜ் மேல் லாட்ஜாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு லாட்ஜ்காரர், மாளிகைக் கூடத்தின் பர்மா தேக்கு உத்தரத்தை அறுத்துக் கதவு செய்யவேண்டும் என்று லாரியையே அனுப்பிவிட்டார்.

மேஸ்திரி டீ வாங்கப் போயிருந்தார். மாடித் தளத்தில் மூன்று பேர் சுண்ணாம்புக் காரையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். தளம் முழுதாக இறங்காமல் உத்தரத்தில் கை வைக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஓரத்து உத்தரம்தானே என்று ஏணியில் ஏறி, அது சுவரில் செருகியிருந்த இடத்தைக் கடப்பாரையால் நானே தோண்டினேன்.

உத்தரம் ஒரு விரற்கடை இறங்கியது. காரை என் கண்ணில் கொட்டியது.

வாசலில் மேஸ்திரி. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு சவுக்குக் கட்டையை இழுத்து வந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துத் தோளைச் சாய்த்தார்.

"அடி நழுவாம புடி மொதலாளி," என்றார், மேலே கேட்காத குரலில். "அவங்க ஓடுனா அதிரும். அப்பால அஞ்சு பேரும் காலி." நான் ஏணியிலிருந்து இறங்கிக் கட்டையின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு குரலை உயர்த்தினார். "டேய் மாரி! டீ வந்துகீது. சுவத்து மேலயே நடந்து வா. பொண்ணு பாக்கப் போறவனாட்டம் மெதுவா வா."

"இன்னா மேஸ்திரி, இன்னிக்கு ஓசி டீயா?"

"ஆமாண்டா. ஒவ்வொருத்தனா வாங்க, தள்ளிக்காதீங்க."

மாரி இறங்கினான். சேகர் இறங்கினான். ஏழுமலை நின்று பீடி பற்றவைத்தான். கட்டை முனகியது. மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குரலில் மட்டும் சிரிப்பு.

"ஏழுமல, டீ ஆறுதுடா."

அவனும் வெளியே போன பிறகு நாங்கள் இருவரும் கட்டையை விட்டுப் பாய்ந்தோம். பாதிக் கூடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தூசிக்குள் கேட்டார்: "என்னிய வுட்டுட்டு ஓடலாம்னு தோணிச்சா?"

"தோணிச்சு மேஸ்திரி."

"எனக்குந்தான்."

ஆட்கள் ஓடிவந்தார்கள். "உத்தரம் உளுத்துப்போச்சுடா. நான்தான் செரியாத் தட்டிப் பாக்கல," என்றார். அதன் பிறகு, "காது போச்சா மேஸ்திரி?" என்று அவர்கள் கிண்டல் செய்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உண்மை தெரிந்தால் என்னிடம் ஆள் வேலைக்கு வராது என்று வாயைத் திறக்கவில்லை.

மாரி, சேகர், ஏழுமலை, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்தத் தேக்கில் ஒரு பொத்தல் கிடையாது. அதன் கதவுகள் சுங்குவார்சத்திரத்து லாட்ஜில் இருக்கின்றன. போய்த் தட்டிப் பாருங்கள். தோண்டியது நான்.

மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் கீழே கை வைக்காத பயம், அதுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. அவருடைய நல்ல பெயரையும் இத்தனை வருஷம் நானே வைத்திருந்தேன். அதை இன்று திருப்பித் தருகிறேன்.