ஒதிலியா எங்கே நுழைந்தாள்?

ஒதிலியா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். ஆக்ஸ்நார்டில் ஸ்ட்ராபெரி வயல்களை ஒட்டிப் போகிற வழி அவளுடையது. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு கடைசி சீட் வரை நடந்துபோய், எவனாவது தூங்கிக் கிடக்கிறானா என்று பார்ப்பது எல்லா டிரைவர்களுக்கும் உள்ள விதிதான். ஒதிலியா மட்டும் குனிந்து சீட்டுக்கு அடியிலெல்லாம் கையை விட்டுத் துழாவுவாள். இறங்கிப் பூட்டிவிட்டு, மறுபடி திறந்து ஏறிப் பார்ப்பாள். ஷெட்டில் அவளுக்குப் ‘போலீஸ் நாய்’ என்று பட்டப்பெயர். சிரித்துக்கொள்வாள், ஆனால் பார்ப்பதை நிறுத்தமாட்டாள்.

என் பெயர் ரெஹினா. இரண்டு பேருக்கும் எல்லைக்குத் தெற்கே ஓஹாகா மலையில் ஒரே ஊர். நான் வளர்ந்த பெண்ணாக என் காலால் நடந்து வந்தவள். அவளை நாலு வயதில் அவள் அம்மா சிரீலா தூக்கி வந்தாள். நான் தொழிலாளர் சங்கத்து ஆபீசில் ஊர்க்காரர்களுக்கு அரசாங்க விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். இத்தனை வருஷம் மற்றவர்கள் தலையெழுத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பியதில் எனக்கு மிஞ்சியது முன்கோபம்தான். பேய் பிசாசு கதையெல்லாம் என்னிடம் எடுபடாது.

ஒதிலியாவைப் போலக் குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. குடியுரிமையெல்லாம் இல்லை. இப்போதைக்குத் துரத்தமாட்டோம், வேலை செய்து பிழைத்துக்கொள், இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்து கேள், அவ்வளவுதான். அந்தக் காகிதம் இருப்பதால்தான் அவள் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. சிரீலாவுக்கு அந்தக் காகிதமும் கிடையாது. இன்னும் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வருஷம் அந்தச் சலுகைக்கான பாரத்தை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். புதுப்பிக்கிறவர்களும் நாட்டுக்குள் எந்த இடத்தில் நுழைந்தார்கள் என்று திட்டவட்டமாக எழுத வேண்டும், ‘எல்லைக்குப் பக்கத்தில்’ என்று மழுப்பினால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும் என்று மாதிரிப் பாரத்தில் போட்டிருந்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். சொன்னதெல்லாம் பெயரோடு இணையத்தில் ஊரே பார்க்கும்படி கிடக்குமாம்.

நான் மாதா கோயில் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னேன். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால் அதை ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அவரவர் கதையை எழுதுங்கள் என்று. ஒதிலியா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள்.

“என்னடி, பஸ் நகரமாட்டேங்குது?” என்றேன்.

“எங்க நுழைஞ்சேன்னு எனக்கே தெரியாதுக்கா. அம்மாகிட்ட கேட்டா மறந்துட்டேங்குது. முதல் தடவை நொகாலஸ்னு நானா ஒரு ஊர்ப் பேரைப் போட்டேன். இப்ப அதையே எழுதினா பொய் சத்தியம் பண்ண மாதிரி ஆயிடும். எழுதலைன்னா வேலை போயிடும்.” பேனாவை மூடிவிட்டு, “எனக்கே அந்த இடம் வேணும்கா. என் நிழல் அங்கதான கிடக்கு” என்றாள்.

எங்கள் ஊரில் குழந்தை பெரிய பயம் பயந்தால் அதன் நிழல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும் என்பார்கள். பெற்றவள் அதே இடத்துக்குப் போய், குழந்தை போட்டிருந்த துணியால் தரையை அடித்து, “வா, வீட்டுக்குப் போகலாம்” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பி வர வேண்டும். பாலைவனத்தில் புழுதிக்காற்றில் ஒதிலியா கை நழுவிப் போனாள் என்றும், கிடைத்தபோது நிழல் இல்லாமல்தான் கிடைத்தாள் என்றும் சிரீலா சொல்லித்தான் அவளை வளர்த்தாள். ஏன் சாப்பிடவில்லை, ஏன் தூங்கவில்லை, ஏன் புருஷன் நிலைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே சிரீலா வீட்டுக்குப் போனேன். கிழவியை மிரட்டியாவது இடத்தின் பெயரை வாங்கிவிடுவது என்ற எண்ணம். வீடு என்பது ஒரு கார் ஷெட். அன்றைக்குப் பாலைவனப் பக்கமிருந்து வரும் அந்த வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. வயல் மண் எழும்பி வெளிச்சமே செம்பழுப்பாகிவிட்டது. ஒதிலியா கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். சிரீலா தோசைக்கல்லில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இடத்தைச் சொல்லு. உன் பொண்ணு வேலை போகப்போகுது” என்றேன்.

“மறந்துட்டேன் மவளே. பாலைவனத்துல என்ன தெருப்பேரா எழுதி வச்சிருக்கான்?”

ஒதிலியா துணியைத் திணிப்பதை நிறுத்தித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். “இந்தா, ஆரம்பிச்சிருச்சு.”

“என்னது?”

“என் நிழல்தான். இந்தக் காத்து அடிச்சாலே அழும். சின்ன வயசுலேருந்து கேக்குது.”

எனக்கு எரிச்சல் வந்தது. காற்று தகரத்தில் உராய்கிற சத்தம் எனக்கும்தான் கேட்டது. கிண்டலுக்குத்தான் கேட்டேன், வேறொன்றும் மனதில் இல்லை.

“சும்மா அழுவுதா, இல்ல ஏதாவது பேசுதா உன் நிழல்?”

“பேசும்கா. ‘அம்மா, நான் இங்கதான் இருக்கேன்’னு சொல்லும். அதையேதான் சொல்லும்.”

“எந்தப் பாஷைல?”

“ஸ்பானிஷ்லதான்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் மலையில் வீட்டுக்குள் யாரும் ஸ்பானிஷ் பேசுவதில்லை. எங்கள் பேச்சே வேறு. ஒதிலியா ஸ்பானிஷ் கற்றுக்கொண்டது ஆக்ஸ்நார்டு தெருவில், ஆறு வயதுக்கு மேல்.

“நாலு வயசுல உனக்கு ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை தெரியுமாடி?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. சிரீலா அதைத் திருப்பவே இல்லை.

“உனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நினைச்சியா?” என்றாள் சிரீலா.

என் முதுகில் ரோமம் எழுந்து நின்றது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஒதிலியா அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“சாசபேங்கிற எல்லை ஊரைத் தாண்டி, மாட்டுத்தொட்டிக்குத் தண்ணி இறைக்கிற காத்தாடி ஒண்ணு, இறக்கை ஒடிஞ்சு கிடந்துச்சு” என்று ஆரம்பித்தாள் சிரீலா. மறந்துபோனவள் பேச்சாகவே இல்லை அது. “மத்தியானம் புழுதி எழும்புச்சு. கூட்டிவந்தவன் எல்லாரையும் படுக்கச் சொன்னான். அப்பத்தான் உன் கை நழுவிப்போச்சு. முள்ளுக்குள்ள தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். ஒரு செடிக்கு அடியில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தே. அழக்கூட இல்லை. தூக்கி, சால்வையால வாயை மூடி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் பின்னாடி அழுகை கேட்டுச்சு.”

காற்று ஓய்வதாக இல்லை. நான் கதவைப் பார்த்தபடியே இருந்தேன்.

“நீ என் கையில இருக்கே, பின்னாடி ஒரு குழந்தை அழுவுது. நான் வேற என்னன்னு நினைப்பேன்? நிழல் விழுந்துருச்சுன்னு நினைச்சேன். அதைக் கூப்பிடத் திரும்பினா உடம்பையும் பறிகொடுத்துருவோம்னு பயம். நடன்னு அவன் கத்தினான். நடந்துட்டேன். அது ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அப்ப ஸ்பானிஷ் தெரியாது, என்ன சொல்லுதுன்னு புரியல. ரெண்டு வருஷம் போச்சு. பழம் பறிக்கிற எடத்துல பேச்சு கத்துக்கிட்டேன். ஒரு நாள் வரப்புல எவளோ ஒருத்தி பிள்ளை விளையாட்டுல ஒளிஞ்சுகிட்டு அவ அம்மாவைக் கூப்பிட்டுச்சு. அதே வார்த்தை. கூடையை அங்கயே போட்டுட்டு உக்காந்துட்டேன்.”

“உங்க கூட்டத்துல வேற குழந்தை இருந்துச்சா?” என்று நான் கேட்டேன்.

“எங்க கூட்டத்துல இவ ஒருத்திதான் குழந்தை. அது எங்களுக்கு முன்னாடியே அங்க இருந்துருக்கு.”

ஒதிலியா எழுந்து நின்றாள். அவள் அம்மாவை அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். “என் நிழல், என் நிழல்னு சொல்லிச் சொல்லி வளத்தியே. இருபது வருஷம் எனக்குள்ள ஏதோ குறையுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேனேம்மா. எனக்கு ஒரு குறையும் இல்லையா?”

“உனக்கு ஒண்ணும் இல்லை. நீ முழுசாத்தான் வந்தே” என்றாள் சிரீலா. “எனக்குத்தான் அதை உன்னுதுன்னு சொல்லிக்க வேண்டியிருந்துச்சு. இல்லைன்னா அது யாரோட குழந்தைன்னு யோசிக்கணும்.”

அந்த இடத்தில் நான் அழுதேன். எதற்கென்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கருத்தை அங்கேயே, ரொட்டி மாவு ஒட்டியிருந்த அந்த மேஜையிலேயே எழுதினோம். இடத்தைச் சிரீலா சொன்னாள், ஒதிலியா எழுதினாள். நாலு வயதுக் குழந்தையிடம் நுழைந்த இடத்தைக் கேட்பது அநியாயம் என்று முதலில் இருந்தது. அதன் கீழே, ஒடிந்த காற்றாடிக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தை இருந்தது, அதை நாங்கள் விட்டுவிட்டு வந்தோம், யாருக்காவது தெரியுமா என்று எழுதினாள். அம்மாவின் பெயரை விட்டுவிடலாம், ஊரே பார்க்கும், ஆபத்து என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“என் பேரையும் போடு” என்றாள் சிரீலா. “போன் நம்பரும் போடு. திரும்பாம வந்தவ நான்தான்.”

சில மாதம் கழித்து அதிகாரிகள் பதில் வெளியிட்டார்கள். வந்த கருத்துகளில் ஒன்று பாரத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் பற்றியது என்று ஒரு வரி இருந்தது. கேள்வியை அவர்கள் மாற்றவில்லை. ஒதிலியா அந்தக் கட்டத்தில் காற்றாடியை எழுதி அனுப்பினாள். காகிதம் வந்துவிட்டது, பஸ் ஓடுகிறது. அம்மாவும் மகளும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள், பிறகு பேசினார்கள்.

ஆனால் இணையத்தில் கிடந்த அந்தக் கருத்தைப் படித்துவிட்டுப் போன் வர ஆரம்பித்தது. முதலில் ஃபிரெஸ்னோவிலிருந்து ஒருத்தி. பிறகு ஜார்ஜியாவிலிருந்து, எல் சால்வடோரிலிருந்து, எங்கெங்கிருந்தோ. எல்லாரும் பாலைவனத்தில் பிள்ளையைத் தொலைத்த பெண்கள். சொல்கிற வருஷம்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிரீலா வந்ததற்கு வெகுகாலம் பின்னால் குழந்தையைத் தொலைத்தவளும் அது தன் பிள்ளைதான் என்கிறாள். பையனா பெண்ணா, என்ன சட்டை போட்டிருந்தது, காலில் செருப்பு இருந்ததா என்று கேட்கிறார்கள். ஒதிலியா போனைப் பிடுங்கி அணைத்துவைத்துப் பார்த்தாள். சிரீலா விடவில்லை. வயலில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறாள். அவள் பேசுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்.

“குரல்தான் கேட்டுச்சு தாயி. நான் திரும்பிப் பாக்கல.”