அம்மாவிடம் கேட்காதது

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நரம்பில் மருந்து ஏற்றுமுன் தாதி கேட்டாள். "அக்கா, வீட்டுல இழுப்புக்கு தியோஃபிலின் மாத்திரை ஏதும் சாப்பிட்டாளா? இதுவும் அதே வகை மருந்துதான், அதுக்கு மேல இதுவும் போனா ஹார்ட்டுக்கு ஆபத்துலா." இல்லை என்றேன். இதயத்துடிப்பைக் காட்டும் வயர்களை ஒட்டிவிட்டு, மருந்தை மெதுவாக இறங்க விட்டாள்.

ஸ்பிரிட் வாசம் என்னை நான் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்துப் போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மாவின் இழுப்புச் சத்தம்தான் எங்களை எழுப்பும். அதே மாத்திரையை அவள் தினமும் தேத்தண்ணியோடு விழுங்குவாள். ஒரு நாள் இழுப்பு அதிகமாகி அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. ஊசி மருந்து முழுவதையும் நரம்பில் வேகமாகச் செலுத்தினார்.

"நெஞ்சு படபடங்குது டாக்டர்," என்றாள் அம்மா.

"மருந்து வேலை செய்யுதும்மா."

அம்மா வாந்தியெடுத்தாள். கைகால் வெட்டி இழுத்தது. பிறகு மூச்சு அடங்கிவிட்டது.

அப்பா விதி என்றார். மறுமாதம் என் காய்ச்சலுக்கு அதே டாக்டரிடம் கூட்டிப்போய்க் கும்பிட்டு நின்றார்.

மாலையில் மகளின் மூச்சு சீரானது. அப்பா ஃபோனில், "சாமி காப்பாத்திட்டாரும்மா," என்றார்.

"இல்லப்பா. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி கேட்டாங்க. அம்மாகிட்ட யாரும் கேக்கல."

அப்பா ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.