கூட்டத்தில் நிற்கும் மஞ்சள் புடவை

காமிக்ஸ் படித்துப் பயந்துபோன முப்பத்து மூன்று வயதுப் பெண்மணியை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால் இந்த வாரம் பாருங்கள். நான்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவர் ரமேஷின் காமிக்ஸ் பித்து தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் குழந்தையின் யூனிஃபார்ம் காயவில்லையே என்று நான் புலம்பினால், புத்தகங்களுக்குப் பூஞ்சை பிடித்துவிடுமே என்று அவர் புலம்புவார். மலையாள தேசத்துத் தலைநகரில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே இரும்பு பீரோவில் பாதி இடம் அவருடைய இடிமுகனுக்கு. என் பட்டுப்புடவைகள் அட்டைப்பெட்டியில்!

இடிமுகன் யார் என்று கேட்பவர்களுக்கு: டெலிபோன் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மேல் இடி விழுகிறது. சாவதற்குப் பதிலாக அவருக்கு அபார சக்தி வந்துவிடுகிறது. முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றக் கிளம்புகிறார். ரமேஷின் சின்ன வயதில் பாக்கெட் சைஸில், தமிழிலும் மலையாளத்திலும் வந்த தொடர். எப்போதோ நின்றுபோயிற்று. ஆனால் ரசிகர்கள் நிற்கவில்லை...

மாதத்தில் ஒரு ஞாயிறு, தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் கூடுகிறார்கள். எல்லாம் தொப்பை வைத்த குழந்தைகள். போன மாதக் கூட்டத்துக்கு நானும் போனேன். ஆறு வயது தன்யாவை ரமேஷோடு தனியாக அனுப்பினால், இடிமுகனைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவார்... குழந்தையை?

அன்றைக்கு அவர்கள் புதிதாக ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். இடிமுகனைப் பற்றி யாரும் பேசக் கூடாது. கதையில் வந்துபோகும் சில்லறை ஆட்களைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். பழைய புத்தகங்களையெல்லாம் பாயில் பரப்பிக்கொண்டு தேடல் ஆரம்பமாயிற்று.

"இடிமுகனுக்குத் தெனம் சோறு போடுதாரே மெஸ்காரரு, அவரு பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்" என்றார் செல்வம் அண்ணன். நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சூப்பர்வைசர்.

"பேரே போடலையே அண்ணே" என்றார் ரமேஷ்.

"அதான் கேக்கேன். தொடர் முழுக்க அந்த மனுசன் தோசை சுட்டுருக்காரு. ஒரு பய பேரு கேக்கலைல்லா!"

"மலையாளத்துல பேரு உண்டு, கேட்டோ" என்றார் ஷிபு. அவர் படித்து வளர்ந்தது மலையாளப் பதிப்பு. "பக்ஷே மூணாவது புக்குல அந்தப் பேரு மாறிப் போச்சு. நாலாவதுல ஆளே மாறிட்டான்."

"அப்போ மெஸ்ஸுல தோசையாவது ஒழுங்கா இருந்துதா வே?"

சிரிப்பு. நானும் சிரித்தேன். சூடாக நேந்திரம்பழ பஜ்ஜி, அதாவது பழம்பொரி, வந்தது. அந்தச் சமயத்தில்தான் பாயின் ஓரத்தில் குப்புறப் படுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்த தன்யா தலையைத் தூக்கினாள்.

"அம்மா, இந்த மஞ்சள் புடவை ஆண்டி எல்லா புக்லயும் இருக்கா."

யாரும் நம்பவில்லை. நம்பாததால்தான் தேடினார்கள். பாலம் இடிந்து விழுகிற கதை: கரையில் நிற்கும் கூட்டத்தின் இடது ஓரத்தில் மஞ்சள் புடவை. தீப்பிடித்த மில்: வாசலில் கூட்டம், இடது ஓரத்தில் மஞ்சள் புடவை. சர்க்கஸில் யானை மிரளும் கதை, ரயிலைக் கடத்தும் கதை, வெள்ளம் வரும் கதை... கூட்டம் இருக்கும் இடமெல்லாம் அவள் இருந்தாள். எந்தக் கதையிலும் அவளுக்கு ஆபத்து இல்லை. ஒரு வார்த்தை வசனம் இல்லை. இடது கையை மட்டும் மடித்து இடுப்போடு வைத்திருந்தாள், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவள் மாதிரி. குழந்தை இல்லை.

"சோம்பேறித்தனம்" என்றார் செல்வம் அண்ணன். "படம் போடுறவன் ஒரே பொம்பளைய டிரேஸ் எடுத்து எடுத்து ஒட்டிருப்பான்."

ரமேஷ் புத்தகங்களை வரிசைப்படி அடுக்கினார். முதலிலிருந்து கடைசி வரை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரேன்" என்றார்.

இடிமுகனுக்கு முதல் புத்தகத்தில் என்ன வயதோ, கடைசியிலும் அதே வயது. அவளுக்கு அப்படி இல்லை. காதோரம் நரைத்துக்கொண்டே வந்திருந்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியிருந்தது. டிரேஸ் எடுத்த படத்துக்கு வயது ஆகுமா?

கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம். இடிமுகன் மேகத்துக்குள் பறந்து மறைகிறார். கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்க்கிறது.

"அவ மேல பாக்கலைம்மா" என்றாள் தன்யா. "நம்மளப் பாக்கறா."

ஷிபு தன் மலையாளப் புத்தகத்தில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூடினார். "மதி, போதும். சாயா குடிக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது தன்யா சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த ஆண்டி எங்க வேன் ஸ்டாப்புக்குக்கூட வருவாளே."

"அசடு! அது படம்டி" என்று சிரித்தேன். பழவங்காடி சிக்னலில் ஆட்டோ நின்றபோது என் சிரிப்பும் நின்றது.

ஏனென்றால், ஒரு பெண்மணி வருகிறார்.

எங்கள் தெரு முக்கில், குளத்தங்கரைப் பக்கம் ஸ்கூல் வேன் வந்து நிற்கும். தன்யாவை இழுத்துக்கொண்டு நான் எப்போதும் கடைசியில்தான் ஓடிவருவேன். அப்போது வேன் கதவருகே ஒரு பெண்மணி நின்றுகொண்டிருப்பார். பையை வாங்கி உள்ளே வைப்பார். மழை பெய்தால் குழந்தைகளுக்குக் குடை பிடிப்பார். நான் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடுவேன். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருப்பேன், வேறு வழி?

ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். ஆட்டோவில் உட்கார்ந்து அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. புடவை என்ன நிறம்? தெரியவில்லை. மஞ்சளாகவே இருக்குமோ என்ற நினைப்பு மட்டும் வந்துவிட்டுப் போக மறுத்தது.

வீட்டுக்கு வந்ததும் தன்யாவை உட்காரவைத்துக் கேட்டேன்.

"அந்த ஆண்டி உன்கிட்ட என்னடி பேசுவா?"

"பேச மாட்டா. எண்ணுவா."

"எதை?"

"எங்களைத்தான். ஒண்ணு, ரெண்டுன்னு. நாங்க ஏழு பேர்தானேம்மா? அவ எட்டு வரைக்கும் எண்ணுவா."

ரமேஷைப் பார்த்தேன். "குழந்தை ஏதோ உளர்றா" என்றார். ஆனால் அவரும் புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டினார். அதுவரை அவர் அதைப் பூட்டியதே இல்லை.

மறுநாள் காலை வேன் ஸ்டாப்புக்குச் சீக்கிரமாகவே போனேன். அந்தப் பெண்மணி இன்னும் வரவில்லை. ஸ்வாதியின் அம்மா பிரியா நின்றிருந்தாள்.

"பிரியா, தினம் பசங்களை வேன்ல ஏத்தி விடறாளே, அவா உங்காத்து மனுஷாதானே?"

"எங்காத்தா? இல்லையே! ரோஹித்தோட பெரியம்மான்னா நெனைச்சிண்டிருக்கேன்."

ரோஹித்தின் அம்மாவைக் கேட்டோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன விளையாடறேளா? அவா தன்யாவோட ஆத்து மனுஷா அல்லே?"

எங்கள் தெருவின் பழக்கம் அப்படி. நிற்கிற பெண்பிள்ளையிடம் 'நீங்கள் யார்' என்று கேட்பது மரியாதை இல்லை. யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வேண்டியவராகத்தானே இருப்பார்? ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைக் கைகாட்டி நிம்மதியாக இருந்துவிட்டோம். யார் என்றே தெரியாத ஒருவர் கையில் ஏழு குழந்தைகளை ஒரு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

அன்று அவர் வரவேயில்லை. அதற்குள் தாய்மார்களின் வாட்ஸ்அப் குரூப் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. போலீஸில் சொல்லலாம் என்றாள் ஒருத்தி. போட்டோ எடுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. ராத்திரிச் சாப்பாட்டின்போது ரமேஷ் சொன்னார்: "பாவம்டி. அவா என்ன பண்ணிட்டா? குடை பிடிச்சா, பையை வாங்கி வெச்சா."

"ஒண்ணும் பண்ணலைதான். ஏதாவது பண்ணினப்பறம் கேக்க முடியுமா?"

தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டேன். நான் சந்தேகப்படுவது சரியா? கேட்டால் அவர் மனம் புண்படுமோ? கேட்காமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் குழந்தை விஷயத்தில் யோசித்துக்கொண்டிருக்க எனக்கு உரிமை உண்டா?

மறுநாள் தூறல். தன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் நின்றிருந்தார். முதலில் புடவையைத்தான் பார்த்தேன். வெளுத்துப்போன பச்சை. எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் சிரிப்பீர்கள்... படத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரை. ஒட்டிய முகம். வலது கையில் குடை.

இடது கை மடங்கி இடுப்போடு இருந்தது.

குழந்தைகள் ஏறினார்கள். அவர் உதடுகள் அசைந்தன. தன்யா கடைசியாக ஏறினாள். உதடுகள் இன்னொரு தடவை அசைந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். பிரியாவும் மற்றவர்களும் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டதுதான்.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்கோ. இதுல உங்க குழந்தை எது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவசரமே இல்லாமல். தேடுகிற பார்வை இல்லை அது. கண்டுகொண்ட பார்வை. கடைசி ஜன்னலில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அந்த சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சு" என்றார் என்னிடம். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

குடையை மடக்கினார். மழையில் நனைந்துகொண்டே குளத்தங்கரையைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் போய்ப் பெயரையாவது கேட்டிருக்கலாம். ஏழு குழந்தைகளின் அம்மாக்களும் முக்கிலேயே நின்றோம்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. முக்குக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "நிங்கள்ல யாரு வீட்டுலயோ வேலைக்கு நிக்கற ஆளுன்னுல்லா நெனைச்சேன்" என்றார். பின்தெருவில் கேட்டோம். அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. போட்டோ எடுக்க வேண்டும் என்று சொன்னவளும் எடுத்திருக்கவில்லை. புடவை பச்சை என்று நான் சொன்னேன். சாம்பல் நிறம் என்றாள் பிரியா. இருவரும் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம்.

போன வெள்ளிக்கிழமை வேன் டிரைவர் மணியன் சேட்டனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஐயோ மேடம், அது நிங்கள் வீட்டு ஆளு அல்லே?" என்று அவரும் அதையே சொன்னார். "தினம் என்கிட்ட சொல்லும், 'இன்னும் ஒரு குட்டி வரணும், கொறச்சு நேரம் நிக்கணும்'னு. நான் நம்ம தன்யாவைத்தான் சொல்லுதுன்னு நெனைச்சேன். அவதானே எப்பவும் லேட்டு."

எங்களுக்காக வேன் எப்படித் தினமும் காத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"சேட்டா, தன்யா நேரத்தோட வந்த நாள்ல?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அன்னைக்கும் சொல்லும் மேடம்."

நான் கேட்டது தப்பு என்று ரமேஷ் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. நாளைக்கே இன்னொருவர் வந்து நின்றாலும் கேட்பேன். பெற்றவள் கேட்காமல் யார் கேட்பார்கள்? தன்யா பத்திரமாக இருக்கிறாள். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள். தூங்காதது நான்தான்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இப்போது காலையில் ஏழு குழந்தைகளும் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் மணியன் சேட்டன் வண்டியை உடனே எடுப்பதில்லை. இன்ஜின் ஓடுகிறது. வைப்பர் போய்ப் போய் வருகிறது. கண்ணாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் அவரோடு சேர்ந்து, யாரும் வராத அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

யாருக்காக நிற்கிறோம் என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதே போதும்.