அடிக்குறிப்புக்காரி

‘சூடான பருத்திப்பால் கிடக்கும்’ என்று டீக்கடைப் பலகையில் எழுதியிருந்தது. செல்லக்கனி ஸ்கூட்டியை நிறுத்தினாள். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்து, டகரத்துக்கு முன்னால் ஓர் இணைக்கொம்பை இடுக்கிச் செருகினாள்.

“ஏட்டி, அது கெடக்கட்டும் விடு,” என்றார் கடைக்காரர் மலைச்சாமி.

“கெடக்கத்தான்ணே செய்யுது. கிடைச்சாத்தான வாங்குவாக?”

பலகை இப்போது ‘கிடைக்கும்’ என்றது. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். ராஜபாளையத்தில் அவள் போகிற வழியெல்லாம் இப்படித்தான். பெயர்ப்பலகைக்காரர்கள் அவள் வண்டிச் சத்தம் கேட்டால் ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறார்கள்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஐயாதுரையின் ஆப்செட் அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவதும் பிழை பார்ப்பதும் அவள் வேலை. கல்யாணப் பத்திரிகையைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படிப்பாள். மேலிருந்து படித்தால் கண் கல்யாணத்துக்குப் போய்விடுமாம், எழுத்தில் நிற்காதாம். ஒருமுறை சின்னக்கருப்பன் என்ற மாமாவுக்கும் பாண்டி என்ற மாமாவுக்கும் நடுவில் காற்புள்ளி விழாமல், இருவரும் சின்னக்கருப்பன் பாண்டி என்ற ஒரே ஆளாகி, சீர் வைப்பது யார் என்று மண்டபத்தில் சண்டை வந்தது. “ஒரு புள்ளிக்கு இம்புட்டு பவரான்னு அன்னைக்குத்தான் சார் தெரிஞ்சது,” என்பாள். அந்த வருடமே பதிப்பியலில் முதுகலைப் படிப்புக்குப் பணம் கட்டினாள். தபால் வழிப் படிப்பு; வகுப்புகளுக்கு மட்டும் சில சனி, ஞாயிறுகளில் மதுரைக்கு பஸ் ஏறுவாள்.

“கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்கும்மா எம்.ஏ.?” என்று கேட்டார் ஐயாதுரை.

செட்டியார்பட்டியில் அவளுடைய அம்மா பிச்சையம்மாளுக்கு வேறு கவலை. “ஊர்ல உள்ளவன் கல்யாணப் பத்திரிகைய எல்லாம் திருத்துதா. இவளுக்கு ஒண்ணு அடிக்க வழியக் காணோம்.”

“அடிச்சா தப்பில்லாம அடிக்கணும்லம்மா. அதான் லேட்டாகுது.”

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகைக்காக நான் முதலில் போனபோது, என் வாசகத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “‘இனிதே நடைபெற இருப்பதால்’னு எழுதியிருக்கீக. இனிதா நடக்கும்னு இப்பமே எப்படி சார் தெரியும்?” சொல்லிவிட்டு முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அடுத்த முறை போகும்போது நான் வீட்டிலேயே நான்கு தரம் படித்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

அந்த அடுத்த முறைதான் மாஸ்டர் வந்து சத்தம் போட்டார்.

படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியைச் செம்மையாக்கி, புத்தகமாக வெளியிட்டுக் காட்டவேண்டும். செல்லக்கனிக்குக் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் நவநீதகிருஷ்ணனின் தன்வரலாறு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே மாஸ்டர். ‘நூற்ற நூல் கோடி, எழுதிய நூல் ஒன்று’ என்பது அவர் வைத்த தலைப்பு. அந்த ஒன்றிலும் அறுநூறு பக்கம். அவள் அதை முந்நூறாக்கினாள். ஒவ்வொரு பெயரடைக்கும் அவர் போனில் அழுதார். “மாஸ்டர், ‘மாபெரும்’ இருபது எடத்துல வருது. ஒண்ண வச்சிக்கிடுவோம், அப்பத்தான் அது பெருசாத் தெரியும்,” என்று ஆறுதல் சொன்னாள்.

பாடப்படி, சந்தேகம் வரும் இடங்களில் ஓரத்தில் கேள்வி எழுதி ஆசிரியருக்கு அனுப்பவேண்டும். அனுப்பினாள். மாஸ்டருக்குக் கேள்வி கேட்டால் பிடிக்காது. அவர் தாள்கட்டைத் திறக்காமலே சாப்பாட்டு மேசையில் போட்டுவைத்தார். ஆனாலும் பதில்கள் வந்தன. பென்சிலில், வேறு கையெழுத்தில். எழுதியவர் அவருடைய மனைவி பெருந்தேவி.

‘பெருவெள்ளத்திலும் ஆலையைவிட்டு நான் அகலவில்லை’ என்று மாஸ்டர் எழுதியிருந்தார். அன்று வீட்டில் யார் இருந்தார்கள் என்று செல்லக்கனி கேட்டிருந்தாள். ‘நானும் முழங்கால் தண்ணியும்.’

‘அய்யனார் கோவில் அருவியில் வழுக்கிய மேனேஜரை ஒற்றைக் கையால் காப்பாற்றினேன்.’ இன்னொரு கை என்ன செய்தது? ‘என் முந்தானையப் பிடிச்சிக்கிட்டு இருந்தது.’

‘ஆலை மூடிக் கிடந்த காலத்தைக் கடவுள் அருளால் கடந்தோம்.’ எப்படி? ‘நான் கூலிக்கு பேண்டேஜ் துணி மடிச்சேன். கடவுளுக்கு மடிக்கத் தெரியாது.’

செல்லக்கனி உடனே பெருந்தேவிக்குப் போன் போட்டாள். “அம்மா, இதையெல்லாம் புத்தகத்துல போடவா?”

“போடேன்ட்டி. அவிய முந்நூறு பக்கம் பேசுதாவ. நான் ரெண்டு வரி பேசுனா காகிதம் கிழிஞ்சா போகும்?”

ஆசிரியர் சம்மதமில்லாமல் அரைப்புள்ளிகூட வைக்கக் கூடாது என்பதும் பாடம்தான். எனவே பதில்களை அடிக்குறிப்புகளாகக் கட்டி, புரூஃப் எடுத்து, ‘அடிக்குறிப்புகளை அவசியம் படிக்கவும்’ என்று மேலே எழுதி மாஸ்டருக்கே அனுப்பிவைத்தாள். இந்த முறை அவர் கட்டைத் திறந்தார்.

“என்னம்மா இது?” மாஸ்டர் புரூஃபை மேசையில் அறைந்தார். “நான் எழுதுன புத்தகத்துல என் பொண்டாட்டி கீழ உக்காந்துக்கிட்டு எதுத்து எதுத்துப் பேசுதா!”

“வீட்டுல மட்டும்...” என்று ஆரம்பித்த ஐயாதுரை, மாஸ்டர் திரும்பியதும் மிஷினுக்கு மை ஊற்றப் போய்விட்டார்.

புத்தகத்தையே திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாக மாஸ்டர் சொன்னார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகம் இல்லையென்றால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாஸ்டர் உட்கார்ந்தார். குரலைத் தணித்தார்.

“வெள்ளம், முந்தானையெல்லாம் இருந்துட்டுப் போகுது. அந்த பேண்டேஜ மட்டும் எடுத்துரும்மா. மில்லே என்னைய மாஸ்டர்னு கும்பிட்டது. மாஸ்டர் சம்சாரம் கூலிக்குப் போனான்னு இத்தன வருசமா ஒருத்தனுக்கும் தெரியாது.”

செல்லக்கனியிடம் வழக்கமான குறும்பு இல்லை. “எங்க அம்மா இப்பமும் அந்த வேலைக்குத்தான் போறாக, மாஸ்டர். எனக்கு ஃபீஸ் கட்டுனதே அந்தத் துணிதான்.” பேனாவைத் திறந்தாள். “உங்க புத்தகம், உங்க முடிவு. எடுக்கச் சொன்னா எடுத்துருதேன். ஆனா மேல ‘கடவுள் அருளால்’னு இருக்கே, அதையும் சேத்து அடிச்சிருவேன். தகவல் பிழை.”

மாஸ்டர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மிஷின்கூட நின்றுவிட்டது, ஐயாதுரைதான் நிறுத்தியிருக்கவேண்டும்.

“‘கடவுளுக்கு மடிக்கத் தெரியாது’ன்னா எழுதியிருக்கா?” என்றார் மாஸ்டர். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். சிரிப்புத்தான், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. “சரி, இருக்கட்டும். எழுத்தையாவது பொடிசாப் போடு.”

“எம்புட்டுப் பொடிசு?”

“யாரும் படிக்க முடியாத அளவுக்கு.”

“படிக்க முடியாம அடிச்சா எனக்கு ஃபெயில் போட்டுருவாக மாஸ்டர். பொடிசாப் போடுதேன்.” சொன்னபடியே பொடிசாகப் போட்டாள். தலைப்பையும் ‘நூற்றவர்’ என்று சுருக்கினாள். பன்மையா, மரியாதையா என்று அவர் கேட்டதற்கு, அதை வாசகர் பார்த்துக்கொள்வார் என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. மேடையில் மாஸ்டர் தம் போராட்டங்களை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே பழைய மில்காரர்கள் அத்தனை பேரும் புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்து, பக்கத்தின் அடிப்பகுதியை மட்டும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது மூன்றாவது வரிசை சிரித்தது. பேண்டேஜ் பக்கத்துக்கு வந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல், பெண்கள் பக்கம் திரும்பி, பெருந்தேவியைத் தேடிக் கைகூப்பினார்.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. மாஸ்டர் தலைப்புப் பக்கத்தில் தம் பெயருக்கு மேலே கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். கும்பிட்ட அதே ஆள், “அம்மாவும் ஒண்ணு போடணும்,” என்று அதே பக்கத்தைப் பெருந்தேவி முன்னால் விரித்தார்.

பெருந்தேவி பேனாவை வாங்கி, பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கு எடம் கீழதானட்டி?” என்று கேட்டபடி, அடி விளிம்பில் பேனாவைக் கொண்டுபோனார்.

பக்கத்தில் நின்ற செல்லக்கனி புத்தகத்தின் அடியைப் பிடித்து, தன் பக்கமாக மெதுவாக இழுத்தாள். பேனா முனை மாஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வரை இழுத்தாள்.