ஓட்டை போட்ட கதிரை

எனக்கு வாங்கிக் கொடுக்கிற வியாதி உண்டு. ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சம்பளம் வந்த வாரக் கடைசியில் அப்பா அம்மாவைப் பார்க்கப் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறும்போது இரண்டு கையிலும் பைகள் தொங்கும். அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை, அம்மாவுக்கு ரைஸ் குக்கர், சுவருக்கு ஒரு மணிக்கூடு. அந்த ரைஸ் குக்கரில் அம்மா இன்றைக்கும் செத்தல் மிளகாய்தான் போட்டு வைத்திருக்கிறார். மூடி இறுக்கமாக இருக்கிறதாம், ஈரம் ஏறாதாம். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொருள் உண்மையில் எதற்கு உதவும் என்று பார்க்கிற புத்தி அம்மாவுக்கு இருந்த அளவுக்கு எனக்கு இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா கவ்வாத்துக்காரர். வளர்ந்துபோன தேயிலைச் செடியைக் கத்தியால் அளவாக வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்க வைக்கிற வேலை. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அவருடைய கத்தி கூரை மரத்தில்தான் செருகியிருக்கும். தேத்தண்ணியில் அவருக்கு அடங்காத ஆசை. காலையில், பத்து மணிக்கு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, ஐந்து மணிக்கு. நீல விளிம்பு வைத்த பெரிய எனாமல் கோப்பை ஒன்று அவருக்கென்றே இருந்தது. அதில் வேறு யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். சூடு வீணாகக் கூடாது என்பார்.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன்னால், எங்கள் வீடு இருக்கிற லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வீட்டு வரிசைக்கு, பின்னால் இருக்கும் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் வலது முழங்கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவே இல்லை. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். நடக்கிறாரே, அது போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு தேத்தண்ணி ஒவ்வொன்றாகக் குறைந்தது. முதலில் ஐந்து மணித் தேத்தண்ணி நின்றது. பிறகு மத்தியானம். கடைசியில் காலையில் ஒரு சின்ன கிளாஸ் மட்டும். அம்மா எப்போது கேட்டாலும் "வேணாம்" என்ற ஒரே பதில். இரவுச் சோறு பாதியானது, பிறகு இரண்டு வாய் ஆனது. கன்னம் ஒட்டிப்போய், உதடு காய்ந்து, பகலெல்லாம் சுருண்டு படுத்திருந்தார். பெரிய கோப்பையை அம்மா கழுவித் தட்டில் கவிழ்த்து வைத்தார். அது அப்படியே தூசி பிடித்தது.

ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். உடம்பில் தண்ணீர்ச் சத்து போதாது, நிறையக் குடிக்க வேண்டும் என்றார். குடிக்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கோயிலில் நிற்பவர் மாதிரி பவ்வியமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி "வேணாம்."

என் வியாதி முற்றியது இந்தக் காலத்தில்தான். சத்து மா டின், விட்டமின் போத்தல், தண்ணீர் கொதிக்க வைக்கிற மின்சாரக் கேத்தல், சூடு ஆறாத பிளாஸ்க். பிளாஸ்க்கை அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால், வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். கொழும்பில் வேலை செய்கிற தம்பி, "வயசாகுதுல்ல அக்கா" என்று போனில் சொன்னான். அவன் சொன்ன தொனியைக் கேட்டுத்தான் நான் முதன்முறையாகப் பயந்தேன். அப்பா போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

"சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? சொல்லிடுங்க, நான் அலையாம இருப்பேன்ல?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தினேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்குக் கூசுகிறது.

ஒரு பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தபோதுதான் காரியம் திரும்பியது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மழை. இரண்டு கையிலும் வழக்கமான பைகள். கால் பிசகி, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அம்மா தைலம் தேய்த்துத் துணி சுற்றிவிட்டார். வலியைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கக்கூஸுக்குப் போகாமல் எத்தனை நேரம்தான் இருப்பது?

எங்கள் வீட்டுக் கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், பதினொரு மண்படி இறங்கினால் இருக்கிறது. தகரக் கூரை, தகரச் சுவர், தரையில் பதித்த பீங்கான், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சின்ன வயதிலிருந்து ஓடி இறங்கிய படிகள். அன்றைக்கு அம்மாவின் தோளைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினேன். உள்ளே போய்க் குந்த முடியவில்லை. ஒரு காலில் பாதி குந்தி, தகரத்தைப் பிடித்து, கை வழுக்கி, மறுபடி பிடித்து, எழும்ப முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டு. இதற்கு மேல் எழுதினால் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் யாராவது வாசித்துவிடுவார்கள். மேலே வந்ததும் வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து மணிக்கு அம்மா அடுப்படியில் இருந்து கேட்டார். "தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்மா."

சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே கேட்டது. அதே சொல், அதே இழுப்பு. எதிரில் அடுப்போரம் சாக்கில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பல மாதங்களாக அவர் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"இதுக்குத்தானாப்பா?" என்று கேட்டேன்.

அவர் நெருப்பைப் பார்த்தபடி சொன்னார். "படி எறங்குறதுகூடப் பரவால்ல. குந்த ஏலல புள்ள. குந்தினா எந்திரிக்க முடியல. ஒருநா உங்கம்மாவக் கூப்புட வேண்டியதாப் போச்சு."

அம்மா அகப்பையோடு திரும்பினார். "அன்னிக்கி வழுக்கிருச்சின்னுல்ல சொன்னீங்க?"

"வேற என்னான்னு சொல்லுறது?"

"அந்த டாக்டர்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லப்பா?"

"அவங்க பொம்பள டாக்டரு" என்றார் அப்பா. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல முழங்காலைத் தடவிக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் முழுவதும் என் மேல்தான். அந்த மனுஷர் உள்ளே போடுவதற்கு எத்தனையோ வாங்கிக் குவித்தேன். வெளியே போவதற்கு வழி இருக்கிறதா என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. சாக விரும்புகிறவர் இல்லை அவர். இன்னொருவரைக் கூப்பிடாமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள விரும்பியவர். அதற்காகத் தேத்தண்ணியை விட்டார், சோற்றை விட்டார், உயிரைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார்.

வீக்கம் வற்றியதும் பொகவந்தலாவை பஸாருக்குப் போனேன். பிளாஸ்டிக் சாமான் விற்கிற முஸ்லிம் கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார நானா என்னைப் பார்த்ததும், "விசேஷத்துக்கா தங்கச்சி, எத்தன கதிர வேணும்?" என்றார்.

"ஒண்ணு. அப்பாவுக்கு."

கை வைத்த கதிரைகளைத் திருப்பித் திருப்பி, உட்காரும் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து குரலைத் தணித்தார்.

"ஓட்ட போடவா?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப இது வேணாம். இதுல கோடு கோடா இருக்கு, வெட்டினா வெடிக்கும். இத எடுங்க, தடிப்பம். நடுவுல வெட்டுங்க, சுத்திவர நாலு வெரல் மிஞ்சணும். எங்க உம்மாவுக்கு நான்தான் வெட்டிக் குடுத்தேன்." பிறகு ஒன்றும் பேசாததுபோலப் போய் அடுத்த ஆளுக்கு வாளி எடுத்துக் கொடுத்தார். ஊரில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு கதிரை சத்தமில்லாமல் இருக்கிறதோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெரிசல். கதிரையை நடுவில் வை என்றார் கண்டக்டர். வைத்ததுதான் தாமதம், மரக்கறிப் பையோடு ஒரு அம்மா அதில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார். "நல்ல கதிர மகள், ஆடவே இல்ல" என்று இறங்கும்போது பாராட்டினார். அது போகிற இடத்தை நான் சொல்லவில்லை.

வீட்டில் என் அம்மா சும்மா விடவில்லை. "புதுக் கதிரையில ஓட்ட போடுறாளாம்! படிச்ச புத்தி!" நான் சட்டி மூடியை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, வாசலுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் உட்கார்ந்து, மரக்கறி வெட்டுகிற கத்தியால் அறுக்கத் தொடங்கினேன். கத்தி வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது.

"நிறுத்து" என்று வாசலில் இருந்து அப்பாவின் குரல். சோர்ந்து படுத்திருந்தவரின் குரல் இல்லை அது. கவ்வாத்து மலையில் பத்துப் பேரை வேலை வாங்கிய குரல். "அந்தக் கத்திய எடு."

கூரையிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அதை அடுப்பில் சூடாக்கச் சொன்னார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சூடாக்கினார். வளைந்த அந்த அலகு பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, புகையைக் கிளப்பிக்கொண்டு, வட்டக் கோட்டின் மேலேயே போனது. மூன்று முறை சூடாக்கி அப்பாவே வெட்டினார். விளிம்பை உள்பக்கம் சரித்துச் சீவினார்.

"ஏம்ப்பா சரிவா?"

"தண்ணி நிக்கக் கூடாது. செடியா இருந்தாலும் அப்படித்தான் வெட்டணும்."

மலை ஊற்றுப் பீலியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் வந்த பழைய ரப்பர் குழாய் ஒன்று கிடந்தது. அதை நீளவாக்கில் பிளந்து, தோலைக் கிழித்து விடாதபடி விளிம்பைச் சுற்றி மாட்டினோம். ஒரு நைலோன் கயிற்றை மேலே கொய்யா மரத்திலும் கீழே கக்கூஸ் கம்பத்திலும் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். கதிரையைக் கீழே கொண்டுபோய்ப் பீங்கானுக்கு மேலே வைத்தேன். மொத்தச் செலவு, நான் வாங்கிய அந்தச் சத்து மா டின்னுக்குக்கூடக் காணாது.

மேலே வந்து பார்த்தால் அப்பா தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா?"

"தோட்டத்துத் தொரமாருக எல்லாம் கதிரையில உக்காந்துதான் பேசுவாங்க. நான் காலம் பூரா நின்னுக்கிட்டே பேசினேன். இப்பத்தான் எனக்குன்னு ஒரு கதிர வந்திருக்கு. அது போற எடத்தப் பாரு!"

அம்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கோபமே இல்லாமல் நான் அழுதது அன்றைக்குத்தான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை. மறுநாள் அம்மாவும் நானும் கோயிலுக்குக் கிளம்பினோம். நாங்கள் வேண்டுமென்றே மெதுவாகத்தான் திரும்பி வந்தோம். கொய்யா மரத்துக் கயிறு ஈரமாக இருந்தது, முடிச்சுகளில் சேற்றுக் கை பட்ட தடம். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

ஐந்து மணி ஆனது. அம்மா பழக்கத்தில், பதிலை எதிர்பார்க்காமல், எனக்கும் தனக்கும் மட்டும் இரண்டு கிளாஸை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னாங்க, தேத்தண்ணி?"

அப்பா கம்பை ஊன்றி எழும்பி, தட்டில் கவிழ்ந்திருந்த எனாமல் கோப்பையைத் தானே எடுத்தார். தூசியை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"இதுல ஊத்து. நெறைய ஊத்து."