டைல்ஸ் அக்காவின் கையெழுத்து

எங்கள் தெருவில் பொறாமைக்கு ஒரு பரிசு வைத்தால் எதிர்வீட்டு டைல்ஸ் அக்கா போட்டியே இல்லாமல் வாங்கிக்கொண்டு போவாள். வாங்கின கையோடு, இரண்டாம் பரிசு யாருக்கு, அது இதைவிடப் பெரிசா என்றும் விசாரிப்பாள். இதை நான் முதுகுக்குப் பின்னால் பேசவில்லை, அவளிடமே சொல்லியிருக்கிறேன். "உனக்கென்ன தம்பி, ஜெராக்ஸ் மிஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு எது வேணா பேசுவ" என்றாள்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. துவைத்துக் காய்ந்து வருகிற விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மடிக்கிறாள். நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் உதறிப் பிரித்து மறுபடி மடிப்பாள். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஊரையே ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர், வீட்டில் மட்டும் பின் சீட்டுதான்.

அவர்கள் இருப்பது பாதி வீட்டில். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சுவர் வீடு அது. மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவே ஒரு சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். இடது பாதி அக்காவுக்கு. வலது பாதியில் தம்பி குடும்பம். தம்பி அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, ஜன்னலோரம் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பை தைக்கிறாள். காலை வெளிச்சம் அந்த ஜன்னலில்தான் விழும். பாகம் பிரித்த அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள்: "வெளிச்சம் அவளுக்கு, இருட்டு எனக்கு."

அந்த இருட்டுக்குப் பதில் சொல்லத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டினாள். வாசல் சுவர் முழுக்க, கீழிருந்து மேல் வரை, வெள்ளையில் நீலப் பூப் போட்ட டைல்ஸ். பழைய மர ஜன்னல்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு அலுமினியம் வைத்தாள். தெருவே வந்து பார்த்தது. "குளியலறையை வெளியே திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு" என்று நான்தான் வாயை விட்டேன், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அதைக்கூட மன்னித்துவிட்டாள். ஓரகத்தி ஒரு வார்த்தை, நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ, சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அக்கா யாருக்காக ஒட்டினாளோ அவளே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே!

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி எங்கள் பழைய தெருக்களைச் சீராக்கக் கிளம்பியது. இடித்துக் கட்டுவது இல்லை, இருப்பதைக் காப்பாற்றுவது என்றார்கள். லாரிகளை வெளிச்சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். அடைந்து கிடந்த மழைநீர் வாய்க்காலைத் தோண்டி எடுத்தார்கள். கடைசியில் வீடுகளுக்கு வந்தார்கள். மாதிரிக்கு முதலில் ஒரு வீட்டைப் பழையபடி சுண்ணாம்புச் சாந்து பூசி, மரவேலை பார்த்து, தெருவுக்கே எடுத்துக்காட்டாக வைப்பது திட்டம்.

அளந்து பார்க்க வந்த பொறியாளர்ப் பெண் தெருவில் இரண்டு நடை நடந்தாள். ஓரகத்தி வீட்டு ஜன்னலைத் தடவிப் பார்த்தாள். "அம்மா, எதையுமே மாத்தாம வச்சிருக்கீங்களே! எவ்வளவு ரசனை உங்களுக்கு!" என்று சொல்லி, மாதிரி வீடாக அதையே குறித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் கடையில் எனக்கே கேட்டது. பக்கத்து வாசலில் கூட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்காமல் இருக்குமா? துடைப்பம் அப்படியே நின்றது. நேரே என் கடைக்கு வந்துவிட்டாள்.

"ரசனையாம்! பெயின்ட் அடிக்க வக்கில்லாம கெடந்தா அது ரசனையா தம்பி? நான் ஒவ்வொரு விரிப்பா மடிச்சு சம்பாதிச்சு வீட்டக் கட்டி நிமித்துனேன். சும்மா இருந்தவளுக்குப் பேரு!"

நியாயம்தான். ஆனால் அடுத்த வாரமே அந்த நியாயத்துக்கு மூக்கு உடைந்தது. பொறியாளர்ப் பெண் சுவரின் ஈரத்தை அளக்கிற கருவியோடு வந்தாள். ஓரகத்தி வீட்டுப் பக்கம் சுவர் பொரிந்து, ஜன்னல் சட்டத்தின் அடி இற்றுப்போயிருந்தது. காரணம் டைல்ஸ். மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாகத் தானே வெளியேறிக் காய்ந்துவிடுமாம். அக்கா பக்கம் சிமெண்டும் டைல்ஸும் அதை அடைத்துவிட்டதால் அடுத்த பக்கம் போய் முட்டுகிறதாம். அதனால் இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் செய்ய முடியும். அக்கா கையெழுத்துப் போட்டால் டைல்ஸை எடுத்துவிட்டு அவள் பக்கமும் இலவசமாகப் பூசி, ஓரகத்தி வீட்டு ஜன்னலைப் பார்த்து அதே மாதிரி புது ஜன்னல் செய்து தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து இல்லையென்றால் மாதிரி வீட்டு முறை தெருக்கோடி வீட்டுக்காரருக்குப் போய்விடும். அதற்கப்புறம் ஓரகத்தியின் சுவர் எத்தனை மழையைத் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண்.

"அவ வீட்டு ஜன்னலப் பாத்து என் வீட்டுக்கு ஜன்னலா? என் பொணத்து மேல நடந்து போய் ஒடைக்கட்டும் டைல்ஸ!" என்றாள் அக்கா.

படிவத்தை நான்தான் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஓரகத்தி மூன்றிலும் போட்டுவிட்டாள். அக்காவின் இடம் காலி.

திங்கள், செவ்வாய், புதன். அக்கா வேலைக்குப் போய் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் புரிந்தது. ஓரகத்தி வந்து கேட்க வேண்டும். அக்கா, கொஞ்சம் தயவு பண்ணுங்க என்று ஒரு வார்த்தை. அவளோ தலை நிமிராமல் பை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சுவர் ஈரம் குடித்துக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, சுவர் விழுந்தா உங்க தலையிலயும்தான் விழும்" என்றேன்.

"விழட்டும். அவ தலையில மொதல்ல விழும்ல."

வியாழக்கிழமை காலை ஓரகத்தி வீட்டு முன்னறைத் தரையைச் சோதிக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். பொறியாளர்ப் பெண்ணும் வந்திருந்தாள். தையல் மிஷின் வெளியே வந்தது, கட்டில் வெளியே வந்தது. பிறகு கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றாக, இடுப்பு ஒடியத் தூக்கி வந்தார்கள். எட்டாவது பெட்டி அடி பிய்ந்து தெருவில் கொட்டியது.

வெள்ளையில் நீலப் பூ.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். ஒரு டைல்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் சுவரைப் பார்த்தாள். ஓரகத்தி வாசலில் மூஞ்சி சிவந்து நின்றாள்.

"என்னடி இது?"

"என்னன்னு தெரியலையா? நீங்க ஒட்டுன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. ஒவ்வொரு பெட்டியா வாங்கினேன். நாலு வருஷம் வாங்கினேன். ஒட்டுறதுக்குத்தான் கொத்தனாருக்குக் குடுக்க வழியில்லாம போச்சு." கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கி அடுக்கினாள். "உங்க வாசலப் பாக்கக் கூடாதுன்னுதான் நான் தலையக் குனிஞ்சே தைக்கிறேன். இப்ப இந்தப் பொண்ணு என்னமோ ரசனைன்னு சொல்லுது. எனக்குச் சிரிப்பா வருது அக்கா. எனக்கு வேண்டியது அதுதான்" என்று அக்காவின் சுவரைக் காட்டினாள்.

பொறியாளர்ப் பெண் கையிலிருந்த அளவுநாடாவைச் சுருட்டுவதும் விடுவதுமாக நின்றாள்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தை நடுத்தெருவில், சாட்சிகளோடு, கிடைத்துவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எடு தம்பி அந்தப் படிவத்த" என்றாள். மூன்றிலும் பெரிதாகப் போட்டாள்.

டைல்ஸை உடைத்த அன்று ஓரகத்திதான் பார்க்க மாட்டாமல் உள்ளே போய் அழுதாள். அக்கா அவள் அழுவதைத் திறந்த ஜன்னல் வழியாக ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு பாதியும் ஒரே வீடாகத் தெரிகிறது. தெருமுனைப் பலகையில் படம் போட்டிருக்கிறார்கள். சுவர் காய்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தாள். கையில் அந்த நீலப் பூவின் உடைந்த துண்டு ஒன்று. ஓரகத்தி தன் பெட்டிகளை வீணாக்காமல் சமையலறை உள்சுவர் முழுக்க ஒட்டிவிட்டாளாம். அது நடுச்சுவர் இல்லை, வேறு உள்சுவர்தான், ஈரம் வராது என்று பொறியாளர்ப் பெண்ணே பார்த்துச் சொன்னாளாம். "போய்ப் பாத்தேன். கண்ணு கூசுது தம்பி. இதே டிசைன் எங்க கிடைக்கும், விசாரி."

கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். கம்பெனியே அந்த டிசைனை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டதாம். சொன்னேன். அக்கா எதிரே தெரிந்த வீட்டின் வலது பாதியைப் பார்த்தாள்.

"அப்ப இந்த ஊர்லயே அவகிட்ட மட்டும்தான் இருக்கா?"